வாய் திறந்து ஜெபிக்க வரவில்லை, சபைக்குப் போவதை மட்டும் விடவில்லை

பஸ்கேப்டன் | திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன், வயது 52. என் மனைவிக்கு 48. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பிப்ரவரியில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம்.

மெஷினோடு இணைக்க இடது கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஒரு பூனை உறுமுகிற மாதிரி அதிர்வு இருக்கும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் பார்க்கவேண்டும், நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். ராத்திரி அவள் தூங்கின பிறகு தொட்டுப் பார்ப்பேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் நான் முழங்கால் போடுவேன். இப்போது தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம் அல்லவா? எனக்கு வந்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' பர்ஸில் வைத்திருந்தேன். ஆறு வாரத்தில் டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அந்த அட்டையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

போன வாரம் வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர், வீட்டில் யாருக்கோ அவிசுவாசம் இருக்கிறது என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கூட வந்த ஒரு சகோதரி என் மனைவியிடம், இந்தச் சனிக்கிழமை மட்டும் மெஷினுக்குப் போகாமல் உபவாசக் கூட்டத்துக்கு வா என்றிருக்கிறார். அவள் யோசிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கொயரில் இருபது வருடம் பாடினவன் நான். இப்போது ஆராதனையில் எழுந்து நிற்கிறேன், வாய் அசைவதில்லை. என் கேள்வி இதுதான். இப்படி ஞாயிறுதோறும் போய் நிற்பது வேஷமா?

ஜெயமுழக்கம் | திங்கள், இரவு 11.58

சகோதரரே, ஸ்தோத்திரம். மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கிறது என்று நீதிமொழிகள் சொல்கிறது. 'சிறுநீரகம் வேலை செய்யவில்லை' என்று தயவுசெய்து அறிக்கை செய்யாதீர்கள். குணமாகிவிட்டது என்று இப்போதே நன்றி சொல்லுங்கள். சாட்சி சொல்லப்போகிற நாள் கிட்டே இருக்கிறது. அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தடுக்காதீர்கள்.

தாதி அக்கா | செவ்வாய், காலை 6.15

இரவு ஷிஃப்ட் முடிந்து எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். தட்டெழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன், சனிக்கிழமையை விடவே கூடாது. கணக்குப் பாருங்கள். சனிக்கும் அடுத்த செவ்வாய்க்கும் நடுவில்தான் அண்ணிக்கு வாரத்திலேயே பெரிய இடைவெளி. சனியையும் விட்டால் வியாழன் முதல் செவ்வாய் வரை அஞ்சு நாள். அதற்குள் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், இருதயத் துடிப்பு தாறுமாறாகும். வலி கொடுத்து, சொல்லிக்கொண்டு வருகிற ஆபத்து இல்லை அது. வெளியேறாத நீர் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். அப்படி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். உபவாசம் இருக்கிறவர்கள் இருக்கட்டும், அண்ணி மெஷினில் இருக்கட்டும். ஜெபம் அந்த அறைக்குள்ளும் வரும்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். சபை விருந்தில் அன்பாக இளநீரும் வாழைப்பழமும் கையில் திணிப்பார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அளவு கேட்காமல் தொடவேண்டாம். குடிக்கிற தண்ணீரையும் அளந்துதான் குடிக்கவேண்டியிருக்கும், ஐஸ் கட்டிகூட அதில் சேர்த்தி.

பணக் கஷ்டம் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவ சமூக ஊழியரிடம் பேசுங்கள். மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி டயாலிசிஸுக்கும் உண்டு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்தும் எடுக்கலாம்.

கடைசியாக உங்களுக்கு. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் தடவையும் சாப்பாடுதான் கொடுத்தான். நீங்கள் பஸ் ஓட்டுகிறவர், தூங்காமல் ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். டிப்போவில் விஷயத்தைச் சொல்லி ஷிஃப்ட் மாற்றிக் கேளுங்கள்.

தோபாயோ பாட்டி | செவ்வாய், காலை 10.20

பேத்தி தட்டிக் கொடுக்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

தம்பி, எனக்கு 74 வயது. என் மூத்தவன் 1994இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். 19 வயது, என்எஸ்ஸில், அதாவது கட்டாய தேசிய சேவையில் இருந்தான். இரண்டாம் நாளே ஒருவர் வந்து, 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்றார். அந்த வசனம் யோபு தன்னைப் பற்றித் தானே சொன்னது. யோபுவிடம் போய் இன்னொருத்தர் சொன்னதில்லை. அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

வேஷமா என்று கேட்டீர்கள். எட்டு மாதம் நான் பாடவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்காருகிற அம்மா ஒவ்வொரு பாட்டுக்கும் புத்தகத்தை என் பக்கமாக நகர்த்தி வைப்பார். பாடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஏன் பாடவில்லை என்றும் கேட்டதில்லை. பக்கம் மட்டும் சரியாகத் திறந்திருக்கும்.

சங்கீதம் 13 எடுத்துப் பாருங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை வருகிறது. அந்தச் சங்கீதமாவது கடைசியில் பாடி முடிக்கிறது. 88ஆம் சங்கீதம் 18 வசனமும் போய்ப் பாருங்கள், கடைசி வரை விடியவே விடியாது. அதையும் கோராகின் புத்திரர் பாட்டு என்றுதான் மேலே எழுதியிருக்கிறது. ஆலயத்தில் பாடச் சொல்லி இராகத் தலைவனிடம் கொடுத்த பாட்டு. இவ்வளவு இருட்டான பாட்டைப் புத்தகத்திலிருந்து யாரும் எடுத்துப் போடவில்லையே.

விலகியவன் | செவ்வாய், பகல் 1.05

பாட்டிக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. நான் 2016இல் சபையை விட்டேன். அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். அந்த அஞ்சு மாதத்தில் எத்தனை பேர் எத்தனை வசனம் அனுப்பினார்கள் என்று கணக்கில்லை. குணமானால் சாட்சி, குணமாகாவிட்டால் தேவ சித்தம். இரண்டில் எது நடந்தாலும் தோற்காத வாதம் எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன். மேடையேறிச் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாம் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்களுக்கு மைக் கிடையாது.

கேப்டன் அண்ணன், உங்கள் மனைவியைக் காப்பாற்றுவது மெஷின். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி சொன்னால் போதும் என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். அப்பா படுத்திருந்தபோது சனிக்கிழமைதோறும் சபையிலிருந்து ஒரு மாமா வருவார். ரேசர், நுரை, சின்னத் துண்டு, மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டுப் போவார். பைபிள் எடுத்து வரமாட்டார். பேசவும் மாட்டார். கடைசிச் சனிக்கிழமை அப்பாவுக்கு நினைவில்லை, அப்போதும் செய்தார். தாடையை இடது கையால் மெதுவாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு. சபையில் எல்லாரையும் எனக்கு விளக்கிவிட முடிகிறது, அவரை மட்டும் முடியவில்லை.

ஜெயமுழக்கம் | செவ்வாய், பகல் 1.30

விசுவாசத்தை விட்டுப்போன பின்மாற்றக்காரரின் ஆலோசனை இந்த இழைக்கு எதற்கு? விசுவாசமில்லாத இடத்தில் இயேசுவே அநேக அற்புதங்கள் செய்யவில்லை. பிரச்சினை எங்கே என்று எல்லாருக்கும் தெரிகிறது.

வேதவகுப்பு | செவ்வாய், மாலை 6.45

ஜெயமுழக்கம் அண்ணன், மாற்கு 2 எடுங்கள். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று அஞ்சாம் வசனம். அவர்கள் என்றால் முதலில் தெரிகிறது சுமந்தவர்கள்தான். படுத்திருந்தவன் விசுவாசித்தானா, அரைமனதாக வந்தானா, என்னைத் தூக்காதீர்கள் என்று கத்தினானா, மாற்கு ஒன்றும் எழுதவில்லை. அவனிடம் யாரும் விசாரணை நடத்தவும் இல்லை.

இப்போது கேப்டன் அண்ணனுடைய அட்டை. எரேமியா 29 என்பது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எழுதினது. 11ஆம் வசனம் எல்லா அட்டையிலும் இருக்கிறது, அதற்கு முந்தின 10ஆம் வசனத்தை அட்டையில் நான் பார்த்ததே இல்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது அது. கடிதம் கையில் கிடைத்தபோது நாற்பது வயதானவன் ஊர் திரும்பியிருக்கவே மாட்டான். அவனுக்கு என்ன சொல்லியிருக்கிறது? 5ஆம் வசனம்: வீடு கட்டி அங்கேயே குடியிரு, தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடு.

முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்கிறான். ஜனங்களுக்குக் கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். உங்கள் வீட்டு ஜெபத்துக்கு வந்தவர் யார் கட்சி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதனால் அட்டையைத் தூக்கிப் போடவேண்டாம். அதில் அச்சடித்திருப்பது பாதிதான். மீதியையும் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

லூர்து மாதா பிள்ளை | செவ்வாய், இரவு 9.10

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கர் ஒருத்தி உள்ளே வரலாமா? எங்கள் கோயில் ஒஃபிர் ரோட்டில் இருக்கிறது, 1888இல் தமிழ் ஜனங்களுக்காகக் கட்டினது. என் பாட்டி, அம்மா, நான் மூன்று பேருக்கும் அங்கேதான் கல்யாணம்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று அண்ணன் எழுதினதைப் படித்ததும் எனக்குத் தோன்றினது, உங்கள் பக்கத்தில் எல்லாரும் சொந்த வார்த்தையிலேயே ஜெபிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அது கஷ்டம்தான். மூன்று தடவை எனக்குக் கர்ப்பம் தங்கவில்லை. மூன்றாவது தடவை கடவுளிடம் பேச ஒன்றுமில்லை, கோபம்தான். அப்போது ஜெபமாலையை எடுத்துப் பிடித்துக்கொள்வேன். மனசு எங்கேயோ இருக்கும், கட்டைவிரல் மணியை நகர்த்தும். வார்த்தை என்னுடையது இல்லை, எனக்கு முன்னால் ஆயிரம் பேர் சொன்னது. அதில் ஒரு நிம்மதி.

தோம்சன் ரோட்டில் நொவேனா கோயில் தெரியும்தானே? எம்ஆர்டி ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். சனிக்கிழமை நவநாள் ஜெபத்தில் ஜனங்கள் எழுதிப் போடுகிற கடிதங்களை வாசிப்பார்கள். நன்றிக் கடிதமும் வரும், விண்ணப்பமும் வரும். நான் விண்ணப்பங்களுக்காகவே போவேன். முகம் தெரியாத ஒருவர் வேலை போய்விட்டது என்று எழுதியிருப்பார், அதை ஒரு கோயில் நிறைய ஆட்கள் அமைதியாகக் கேட்பார்கள்.

ஜெயமுழக்கம் | செவ்வாய், இரவு 9.25

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது வீண் வார்த்தை என்று வேதத்தில்

நெறியாளர் | செவ்வாய், இரவு 9.32

மேலே உள்ள பதிவில் மீதியை நீக்கிவிட்டேன். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 340 பதிவோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே போகலாம். அற்புத ஜெபத்துக்கு அழைக்கவும் என்று போன் நம்பர் போட்ட இரண்டு பதிவுகளையும் எடுத்துவிட்டேன். நான் போடுகிற நம்பர் ஒன்றுதான்: மனசு தாங்காத நேரத்தில் எஸ்ஓஎஸ் என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, 1767, இருபத்துநாலு மணி நேரமும். இதைக் கேப்டனுக்காக மட்டும் எழுதவில்லை. வாசிப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

சாங்கி நடைக்காரன் | புதன், காலை 8.00

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பழைய இடங்களைப் பார்க்கிற பைத்தியம். விலகியவன் தம்பி மைக் பற்றி எழுதினது மனசிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஜப்பானியர் காலத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த ஒய்எம்சிஏ என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கக் கட்டடத்தைக் கெம்பெய்தாய், அதாவது ஜப்பானிய ராணுவப் போலீஸ், எடுத்துக்கொண்டு சித்திரவதைக் கூடமாக்கியது. பெயரில் கிறிஸ்து உள்ள கட்டடம். 1943 அக்டோபர் 10இல் தொடங்கின கைதுகளில் 57 பேர் பிடிபட்டார்கள், ஆங்கிலிக்கன் பிஷப் லெனர்ட் வில்சனும் அதில் ஒருவர். அவர் பிழைத்தார். தன்னைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவருக்குப் பின்னாளில் தானே திடப்படுத்தல் கொடுத்துச் சபையில் சேர்த்துக்கொண்டார். இந்தக் கதையைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த 57 பேரில் 15 பேர் இறந்துபோனார்கள் என்பதை ஒரு பிரசங்கத்திலும் கேட்டதில்லை. தம்பி சொல்வது சரிதான்.

எனக்கு அதைவிட ஸ்டான்லி வாரன் கதை பிடிக்கும். பிரிட்டிஷ் படைவீரர், போர்க்கைதி. 1942இல் சாங்கி ராபர்ட்ஸ் பாரக்ஸில், ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடத்தில் வயிற்றுக்கடுப்போடும் சிறுநீரகக் கோளாறோடும் கிடந்தார். ஆம், சிறுநீரகம். அங்கேயே கீழே சிற்றாலயம் ஒன்று இருந்தது. அதன் சுவரில் படம் வரையக் கேட்டார்கள். சாயம் ஏது? உருமறைப்புக்கு அடிக்கிற பழுப்புப் பெயின்ட், கொஞ்சம் வெள்ளை, நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் கோலுக்குத் தேய்க்கிற சாக்கட்டி. கொஞ்ச நேரம் வரைவார், பிறகு படுத்துவிடுவார். இப்படியே இயேசுவின் பிறப்பு, கடைசி இராப்போஜனம், சிலுவை, பரமேறுதல், சிறையில் லூக்கா என்று அஞ்சு படம். பின்னாளில் அவற்றின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். 1958இல் மறுபடி கண்டுபிடித்து, வரைந்தவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். லண்டனில் இருந்தவருக்குத் திரும்பி வர மனசே இல்லை, அந்த நாளை எல்லாம் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் 1963, 1982, 1988 மூன்று தடவை வந்து பழுது பார்த்தார். லூக்கா படத்தின் கீழ்ப்பாதி மட்டும் கிடைக்கவே இல்லை, நடுவில் யாரோ சுவரை உடைத்து வாசல் வைத்துவிட்டார்கள்.

அசல் இருக்கிற இடம் விமானப்படைத் தளத்துக்குள். சாதாரணமாகப் போக முடியாது. சாங்கி மியூசியத்தில் பிரதிகளைப் பார்க்கலாம். கேப்டன் அண்ணன், ஒரு நாள் அந்தப் பக்கம் ஓட்டினால் இறங்கிப் பாருங்கள்.

டார்மிட்டரி தம்பி | புதன், இரவு 10.50

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் ராமநாதபுரம் பக்கம், கட்டுமான வேலை. 2020இல் கோவிடுக்காகத் தொழிலாளர் தங்குகிற டார்மிட்டரியைப் பூட்டினபோது எங்கள் ரூமில் 12 பேர். அம்மா தினமும் போனில் 91ஆம் சங்கீதம் வாசிப்பார். 'வாதை உன் கூடாரத்தை அணுகாது' என்று ஒரு ராத்திரி அழுத்தி வாசித்தார். மறுநாள் எனக்குக் கோவிட் பாசிட்டிவ். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு அதை வாசித்தால்தான் தூக்கம் வரும், எனக்கு அவர் குரலைக் கேட்டால்தான் தூக்கம் வரும். வேறு பெரிய அனுபவம் இல்லை.

விலகியவன் | புதன், இரவு 11.15

டார்மிட்டரி தம்பி எழுதினது இந்த இழையில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேப்டன் அண்ணன், சனிக்கிழமை என்ன ஆனது என்று எழுதுங்கள். ஜெபிக்கமாட்டேன், ஆனால் எழுதாவிட்டால் கவலைப்படுவேன்.

பஸ்கேப்டன் | ஞாயிறு, இரவு 10.30

எல்லாருக்கும் தாமதமான பதில். ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், முதலில் அதற்கு நன்றி தாதி அக்காவுக்கு. வாய் திறந்து கேட்டதும் பத்து நிமிஷத்தில் முடிந்தது, இத்தனை நாள் கேட்காமல் இருந்தது என் முட்டாள்தனம்.

சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் போனோம். அந்த அஞ்சு நாள் கணக்கை அவளிடம் சொல்ல உட்கார்ந்தேன். அவள் பாதியிலேயே, மெஷினுக்குப் போகமாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன், அந்தச் சகோதரி மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றாள். நான்தான் இரண்டு வாரமாக வீணாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

இந்த இழையை முழுவதும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன், மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. முகச்சவர மாமா வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். விலகியவன் தம்பி, அவள் உங்கள் அப்பா பெயரைக் கேட்டாள். இங்கே எழுதவேண்டாம், தனி மடலில் அனுப்புங்கள்.

இளநீர் விஷயமும் வேலைக்கு ஆனது. இன்று ஆராதனை முடிந்து ஒருவர் நீட்டினார், நானே குடித்துவிட்டேன்.

நேற்று ராத்திரி வழக்கம்போல ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு இருந்தது. கையை எடுக்கப் போனபோது அவள் கண்ணைத் திறக்காமலே, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், நான் முடிக்கவில்லை என்றாள். என்ன முடிக்கவில்லை என்றேன். நீங்கள் தினமும் தொட்டுப் பார்க்கிற நேரத்தில்தான் உங்களுக்காக ஜெபிக்கிறேன், நீங்கள் சட்டென்று கையை எடுத்துவிட்டால் பாதியில் நின்றுவிடுகிறது என்றாள். நான் தூங்குகிறாள் என்று நினைத்த அத்தனை ராத்திரியும்.

இன்று காலையும் பாடவில்லை. நாளை 5.10க்கு முதல் வண்டி, படுக்கப் போகிறேன்.